குழலுக்குள் ஈரம்

எனிட் சட்க்ளிஃபுக்குக் கம்பளி ஆலை மூடியபின் கிடைத்த வேலை அது: யார்க்‌ஷயரின் அந்தச் சிற்றூர் அருங்காட்சியகத்தில், இசைக்கருவி அறைக்குக் காவல். கண்ணாடிப் பெட்டிகளுக்கு ஒரே சாவி. பதினாறு வருடமாக அது அவள் இடுப்பில்தான் கிடந்தது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, புதிதாக வந்த பொறுப்பாளர் லிட்கேட் அவளைத் திறக்கச் சொல்லி, பழைய ஃபிளாஜலெட் குழலை எடுத்து, அதன் யானைத்தந்த வாய்ப்பகுதியைக் கழற்றினார். அதன் கீழே சிறு அறை. ஊதுபவரின் மூச்சீரத்தைக் குடிக்க உள்ளே ஒரு பஞ்சு. விரலால் தொட்டார். ஈரம்.

"யாரோ ஊதியிருக்காங்க, மிஸஸ் சட்க்ளிஃப்."

"நான் தொடவே இல்லை சார். பேயா இருக்கும்."

"பேய்கிட்ட சாவி கிடையாது."

கையை நீட்டினார். அவள் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

வாசல்காரன் நார்மனுக்கு மதியத்துக்குள் விஷயம் எட்டிவிட்டது. "என்ன எனிட், ஞாயித்துக்கிழமை கச்சேரியா? எனக்கொரு டிக்கெட் வையி."

அவனையும் சந்தேகப்பட்டாள். சர்ச்சில் உரக்கப் பாடுகிறவன் அவன். தேநீர் போடும் ஐரிஸையும் விடவில்லை. வேலை போனால் வேறு பார்க்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக ஊதினாள் என்ற பேச்சோடு தன் தெருவில் எப்படி நடப்பது?

பஞ்சை உலர்த்தி வைத்துத்தான் லிட்கேட் பெட்டியைப் பூட்டியிருந்தார். அடுத்த திங்களன்று அவள் கூடவே நிற்க, மறுபடி தொட்டுப் பார்த்தார். அதே ஈரம். அவர் முகம் மாறியது.

"இந்த வாரம் சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்றாள் எனிட். "நீங்க வாசிப்பீங்களா சார்?"

"சின்ன வயசில... கொஞ்சம்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நான் தொடவே இல்லை."

"நானும் அதையேதான் சொன்னேன்."

அவள் குனிந்து பெட்டிக்குள் துழாவினாள். பெயர் அட்டைக்குப் பின்னால் ஒரு சாசர் நிறையத் தண்ணீர்.

"இது யாரு வெச்சது?"

லிட்கேட் கழுத்துவரை சிவந்தார். "ஹீட்டர் போட்டதும் மரம் வெடிச்சிடுமேன்னு... வந்த வாரம் கணக்கெடுக்க நீங்க திறந்துவிட்டப்ப நான்தான் வெச்சேன், போன வாரமும் நிரப்பினேன். பஞ்சு அந்த ஈரத்தை இழுக்கும்னு தோணலை." சாவியை எடுத்து நீட்டினார். "மன்னிச்சிடுங்க."

எனிட் கையை நீட்டவில்லை.

"இங்க வேணாம் சார். கீழ வாசல்ல, நார்மன் முன்னாடி குடுங்க. இப்ப சொன்னதையும் அங்கேயே சொல்லுங்க."

அவர் முன்னால் இறங்கினார். வழியில் சொல்லை மாற்றிவிடுவாரோ என்று, ஒரு படி விட்டு அவளும் பின்னாலேயே இறங்கினாள்.