சுவரில் எழுதிய இருநூற்றைம்பது

சூலூரைத் தாண்டி இருக்கிற அந்தக் கல்லூரி மைதானத்தில் ஒரு கோடு கோணலாகப் போய்விட்டால் குமாரசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் அங்கே மார்க்கர். சுண்ணாம்பால் கோடு போடுவது, வலை கட்டுவது, வெளியே போன பந்தைத் தேடி எடுத்து வருவது, மழை நின்றதும் சாக்கை விரித்துத் தண்ணீரை ஒற்றி எடுப்பது எல்லாம் அவர் வேலை. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறார். டேப் இல்லாமல் காலாலேயே மைதானத்தை அளந்துவிடுவார். அவர் வைக்கிற ஒரு எட்டு சரியாக இரண்டரை அடி, ஒரு விரற்கடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

கோடு விஷயத்தில் இத்தனை கறாரான மனிதருக்கு ஆள் விஷயத்தில் மட்டும் வாயே கிடையாது. பெரியவர்கள் யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். செய்ய முடியாத வேலைக்கும் "சரிங்க", செய்யக்கூடாத வேலைக்கும் "சரிங்க". மரியாதை தெரிந்த மனுஷன் என்று ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேளுங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி நிர்வாகம் மைதானத்தின் இடது பக்கத்தில் பஸ் ஷெட் கட்டியது. பன்னிரண்டு பஸ் நிற்க இடம் வேண்டுமே, மைதானத்துக்குள் புகுந்து புதுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அதே மைதானத்தில்தான் பெண்கள் பேஸ்பால் அணி ஆடுகிறது. பேஸ்பாலில் மட்டையால் அடித்த பந்து தரையில் படாமல் எல்லைச் சுவரைத் தாண்டிவிட்டால் ஹோம் ரன். கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்ததுபோல, அடித்தவள் நான்கு முனையையும் நிதானமாகச் சுற்றி வரலாம். சுவருக்கு இந்தப் பக்கம் எவளாவது கையில் பிடித்துவிட்டால் அவுட். அப்படியென்றால் சுவர் எங்கே நிற்கிறது என்பதுதானே பாதி ஆட்டம்?

பழைய வேலி இருநூற்றைம்பது அடியில் இருந்தது. புதுச் சுவர் எழும்பிய அன்றைக்குக் குமாரசாமி நடந்து பார்த்தார். எண்பத்தேழு எட்டு. கணக்குப் போட்டால் இருநூற்றுப் பதினெட்டு அடிகூட முழுசாக வரவில்லை. அந்த வாரமே மண்டலப் போட்டியை நடத்த மைதானம் தகுதியா என்று பார்க்க ஆள் வருவதாக இருந்தது. உடற்கல்வி இயக்குநர் சரவணன் அவரைக் கூப்பிட்டார்.

"குமாரசாமி, செவுத்துல எரநூத்தம்பதுன்னு பெருசா எழுதிப்போடுங்க. பாக்க வர்றவங்க நம்பரத்தான் பாப்பாங்க, டேப்பா புடிக்கப் போறாங்க?"

"முப்பத்திரண்டு அடி கொறையுதுங்களே சார்."

"கரஸ்பாண்டெண்ட் சொல்லிப்போட்டாரு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"சரிங்க சார்."

பழைய எக்ஸ்ரே தாளில் எண்ணை வெட்டி எடுத்து, அதைச் சுவரில் ஒட்ட வைத்து, நீலப் பெயிண்ட்டில் 250 என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் அவருடைய மகள் ரித்திகா அதே கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்த பெண், தோள் அப்படி. சரவணன் சார் ஒருநாள் மட்டையைக் கையில் கொடுத்துச் சுழற்றச் சொன்னார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். மூன்றாவது மாதமே ஒரு பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டி ஷெட்டுக்குள் போய் ஒரு பஸ்ஸின் கூரையில் டமாரென்று விழுந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. குமாரசாமி ஓடிப் போய்ப் பந்தை எடுத்து வந்தார். வரும்போது கண்ணில் தண்ணீர். பொய்ச் சுவர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பெற்ற மனசு துள்ளத்தானே செய்யும்!

மூன்று வருஷத்தில் பதினான்கு ஹோம் ரன். மண்டலப் போட்டி எல்லாம் அதே மைதானத்தில்தான். அவள் ஆடப் போன மற்றக் கல்லூரிகளில் வேலியே கிடையாது. வெட்டவெளி, பந்து போய் நிற்கிற இடம்தான் எல்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வழியில்லை. கல்லூரி வாசலில் ரித்திகாவின் படத்தை ஆளுயரத்துக்கு பேனர் அடித்துக் கட்டினார்கள். பதினான்கு பந்தையும் பொறுக்கி வந்தவர் குமாரசாமி. ஒவ்வொன்றும் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் விழுந்தது என்று பார்த்து, ஆட்டம் கலைந்ததும் டேப் பிடித்து அளந்து வைத்துக்கொள்வார். இருநூற்று இருபத்திரண்டு, இருநூற்று முப்பது, இருநூற்று இருபத்தேழு. ஆகத் தூரமாகப் போனது இருநூற்று நாற்பத்தொன்று. இருநூற்றைம்பதை ஒன்றுகூடத் தொடவில்லை.

இதை மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைக்காத நாள் இல்லை. காலையில் நினைப்பார். சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டு வருவாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

இந்த ஜனவரியில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு வந்தது. சென்னிமலைப் பக்கம் ஒரு கல்லூரியில், சனிக்கிழமை. ரித்திகாவுக்கு உடற்கல்வி படித்து பி.டி. டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் அந்தப் படிப்பில் இடம் கிடைத்துவிடும். அதே சமயம் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவில் அவளை எடுத்திருந்தது. பரீட்சை முடிந்ததும் வேலையில் சேரலாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறாளா இல்லையா என்று போனில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அந்த ஒருநாள் ஆட்டத்தை நம்பித்தான் அவள் பதில் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"செலெக்ட் ஆயிட்டா படிப்பு. இல்லாட்டி வேலை. அவ்வளவுதானுங்கப்பா, நான் கொழப்பிக்கல," என்றாள் பஸ்ஸில்.

மைதானத்தில் இறங்கியதும் குமாரசாமி பழக்க தோஷத்தில் அளந்து நடந்தார். அடிக்கிறவர் நிற்கும் தட்டிலிருந்து இடது பக்க வலைவேலி வரைக்கும் சரியாக நூறு எட்டு, நிஜமான இருநூற்றைம்பது அடி. யாரோ யோக்கியமான மார்க்கர். குமாரசாமி இன்னொரு தடவை நடந்து பார்த்தார், அதே நூறு.

ரித்திகா ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார். இப்போது சொன்னால்கூடப் போதும். தூக்கி அடிக்காதே, தாழ்வாக இடைவெளி பார்த்து அடி, ஓடி எடு என்று சொன்னால் போதும். அவள் கைக்கு அது வராத ஆட்டமில்லை.

"அம்மணி..."

"என்னுங்கப்பா?"

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேனுங்கப்பா. நீங்க போய் நெழல்ல உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். அட, மனுஷனே!

தேர்வுக்கு வந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். ரித்திகா அடித்த முதல் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய சத்தத்திலேயே அவள் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பழகிய சத்தம் அது. சுவரைத் தாண்டுகிற சத்தம். இடது பக்கம் நின்ற பெண் நாலடி பின்னால் போய், கையை உயர்த்தி, அலுங்காமல் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதும் அப்படியே, அதே பெண், கிட்டத்தட்ட அதே இடம்.

ரித்திகா மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தாள். மூன்றாவது முறை உடம்பையே முறுக்கிச் சுழற்றினாள். அந்த முறை வந்த மூன்று பந்தும் மட்டையில் படவே இல்லை; பேஸ்பாலில் மூன்று தவறினால் அவுட். ஓரமாக உட்கார்ந்திருந்த குமாரசாமி மலைப் பக்கம் திரும்பி, "முருகா, இந்த ஒண்ணு" என்று கும்பிட்டார். கோடு போடுகிறவனுக்கு வேலியை எடுத்து முன்னால் நட உரிமை உண்டு, நம் மைதானத்தில். அடுத்தவன் மைதானத்தில் கும்பிடத்தான் முடியும்.

கடைசி முறை வசமாக மாட்டியது. அவள் பிறந்ததிலிருந்து அத்தனை தூரம் அடித்ததில்லை. பந்து உயர உயரப் போனபோது குமாரசாமி எழுந்தேவிட்டார். இடது பக்கத்துப் பெண் ஓடினாள், முதுகு வலையில் முட்டியது, எக்கிப் பிடித்தாள். இருநூற்று நாற்பத்தெட்டு இருக்கும் என்று அவர் கண் சொன்னது. அவர் மைதானமாக இருந்தால் ஷெட்டின் கடைசித் தூணைத் தாண்டி விழுந்திருக்கும்.

மூன்றரை மணிக்குப் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் இல்லை. தேர்வாளர் ஒருவர் சரவணன் சாரிடம், "பதினாலு ஹோம் ரன்னுன்னு போட்டிருக்கறீங்க, எல்லாமே சாதாரண கேட்ச்சாட்ட போவுது?" என்று கேட்டது குமாரசாமி காதில் விழுந்தது. சரவணன் சார், "இன்னிக்கு என்னமோ பதட்டமாயிட்டா" என்றார். குமாரசாமியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

காங்கேயம் பஸ் நிலையத்தில் கோயமுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அப்பனும் மகளும் சிமெண்ட் பெஞ்சில். மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் அவர் எப்படியாவது தேற்றியிருப்பார்.

"எனக்கு மனசு தைரியம் இல்லீங்கப்பா," என்றாள். "நம்ம கிரவுண்டுன்னா அடிக்கறேன். பெரிய ஆளுங்க நாலு பேரு பாக்கறாங்கன்னதும் கை செத்துப்போச்சு. நான் இவ்வளவுதான் போல. கோழைங்கப்பா நானு."

இதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? நான்கு வருஷமாக வராத வாய் அப்போது திறந்தது.

"இல்ல கண்ணு. உன்ற மேல தப்பே இல்ல. நம்ம செவுரு எரநூத்தம்பது கெடையாது. எரநூத்திப் பதினெட்டுத்தான். ஷெட்டுக் கட்டுனப்ப கொறஞ்சுபோச்சு. நம்பரு எழுதச் சொன்னாங்க. நாந்தான் எழுதிப்போட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு டவுன் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு போயிற்று.

"நீங்களுங்களா?"

"ஆமா சாமி."

"அப்ப நான் அடிச்ச பதினாலும் பொய்யுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அளந்து வைத்த கணக்கு அவர் தலைக்குள் வரிசையாக நின்றது. ஆனால் அவள் கேட்ட விதமும் முகமும் அப்படி இருந்தன. மூன்று வருஷத்தையும் ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொள்ள அந்த மனுஷனால் ஆகவில்லை.

"எல்லாமும்னு எப்படிச் சொல்றது? ஒரு மூணு பந்து எந்தக் கிரவுண்டா இருந்தாலும் தாண்டியிருக்கும். நாந்தான பொறுக்கிட்டு வந்தேன்."

"மூணா?" நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த மூணுங்கப்பா?"

"அது... மொத மொதல்ல பஸ் கூரையில உழுந்துதே, அது ஒண்ணு."

"அது எனக்கே தெரியுமுங்க, சத்தமே வேற. அப்புறம்?"

"போன வருசம் ஃபைனல்ல அடிச்சது. அப்புறம் தீவாளிக்கு முன்னால ஒண்ணு, மழத் தூறலுக்குள்ள."

"டேப்பு புடிச்சே பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு."

முதல் பந்து இருநூற்று இருபத்திரண்டு. ஃபைனலில் அடித்தது இருநூற்று முப்பது. மழைத் தூறலுக்குள் போனது எவ்வளவு என்று அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை.

ரித்திகா மட்டைப் பையைக் கீழே இறக்கி வைத்தாள். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி விரலை மடக்கினாள். பிறகு போனை எடுத்து நம்பரைத் தேடினாள்.

"யாருக்குச் சாமி?"

"திருப்பூருக்குங்கப்பா. அஞ்சு மணிக்குள்ள சொல்லோணும்."

வேலைக்குச் சம்மதம் சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவருக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. போய்ச் சேரட்டும். நல்ல கம்பெனி, நல்ல வேலை.

"ஏனுங்க மேடம், ரித்திகா பேசறேனுங்க. நான் வரலீங்க மேடம். வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க. இல்லீங்க, செலெக்ட் ஆகலீங்க. எம்.காம். சேந்து இன்னொரு வருசம் ஆடிப் பாக்கலாம்னு இருக்கறேனுங்க. முடியுமுங்க மேடம், மூணு அடிச்சிருக்கறேன்."

"அம்மணி, இரு, வேண்டாம்..." என்றார் குமாரசாமி. அவள் கையைக் காட்டி அவரை அமர்த்திவிட்டுப் பேசி முடித்தாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"செவுரு கிட்ட இருந்ததால நான் சோம்பேறியாயிட்டேனுங்கப்பா," என்றாள். வண்டி வண்டியாகக் கோபம் வந்திருக்க வேண்டிய முகத்தில் கோபமே இல்லை. "இனி நாளையிலிருந்து எரநூத்தம்பதுல ஒரு கொச்சக் கயிறக் கட்டிக் குடுங்க. கயிறு ஷெட்டுக்குள்ள போனாலும் பரவாயில்ல. மூணு அடிச்சவளுக்கு நாலாவது அடிக்க வராதுங்களா?"

குமாரசாமி வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வேற ஆரு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேனுங்கப்பா," என்றாள் ரித்திகா. "நீங்க அளந்து பாத்திருக்கறீங்க, அது போதும்."

கோயமுத்தூர் பஸ் வந்து நின்றது. அவள்தான் முண்டியடித்து முதலில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் அவருக்கு இடம் போட்டாள்.