குறைத்துச் சொன்ன உயரம்

என் மகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடும் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் ஆலங்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சேர்த்துக்கொண்டால்தான் அவளுக்குக் கல்லூரிப் படிப்பு.

"பாப்பா என்ன உயரங்க?" என்று அந்தம்மா கேட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய வாய். "அஞ்சேகால் அடிதாங்க இருப்பா" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "வருஷா வருஷம் அரையிறுதியோட திரும்புறோம். உயரமான பிள்ளை கிடைச்சாத்தான் இந்தத் தடவை ஜெயிக்கலாம்" என்று எழுந்தார்.

காபி கொடுத்த மகள் வாசல் நிலைக்குள் முதுகைக் கூன்போட்டு நின்றாள். அப்படி நிற்கப் பழக்கியவள் நான்தான்.

"நிமுந்து நில்லு ஆத்தா" என்றேன்.

நிமிர்ந்தாள். தலை நிலையின் மேல்கட்டையில் முட்டியது.

"இதையா குறைச்சுச் சொன்னீங்க?" என்று பயிற்சியாளர் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை.