படையல் புடவை

சாமி கும்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு சினிமாப் படம் ஞாபகம் வந்துவிடும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மனசில் வைத்துக்கொண்டே இருப்பதைவிட எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் மராட்டி தேசத்தில், சாங்வியில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. என்னைப் பெற்ற அம்மா எனக்கு நாலு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருஷமே அப்பா ஊருக்கு, ஆற்காட்டுப் பக்கம் போய், சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்தி என்று கூப்பிடுவேன், சாப்பாடு போடுவாள், சடை பின்னுவாள். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

எதிர் வீட்டு மராட்டிக்காரர்கள் புதிதாக சிடி பிளேயர் வாங்கியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் மகளும் நானும் உட்கார்ந்து, இந்தியில் பேசவைத்த ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்த கதைதான், விருந்திலிருந்து ஓடும்போது ஒற்றைச் செருப்பைத் தொலைக்கிற பெண்ணின் கதை. ஆனால் இதில் தேவதையும் இல்லை, தேரும் இல்லை. அந்தப் பெண் ஒரு பெரிய பட்டணத்தில் மாற்றாந்தாயின் சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். செத்துப்போன அம்மாவின் நீலக் கவுனை மாற்றாந்தாய் எடுத்துப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போய்விடுகிறாள். இந்தக் காலத்துப் பெண் அல்லவா, ராஜகுமாரன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. நேரே விருந்துக்குப் போய், அத்தனை பேர் நடுவில், "இது என் அம்மாவுடையது, கழற்று" என்கிறாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். நாங்களும் தட்டினோம்.

தட்டி முடித்ததும் அந்தத் தோழி என் பக்கம் திரும்பி, "தேரே கர் மே பீ சௌதேலி மா ஹை நா?" என்றாள். உன் வீட்டிலும் மாற்றாந்தாய்தானே என்று. படம் முழுக்க அந்தச் சொல் வந்திருந்தது. அது எங்கள் சித்தியையும் சேர்த்துத்தான் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று முதல் சித்தியைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். பட்டாணி உரிக்கச் சொன்னால், என்னை வேலைக்காரி ஆக்குகிறாள் என்று வைத்துக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் வைத்தால், அப்பா பார்க்கிறார் என்று வைக்கிறாள். அப்பா பட்டறைக்குப் போயிருக்கும்போதும் வைத்தாள். அதற்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் படையல். சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் வழக்கம். ஆடியில் புதுப் புடவை எடுத்து, முந்தியில் மஞ்சள் தடவி, பூவும் வளையலும் வைத்துப் படைப்போம். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக வந்தவள் அதைக் கட்டினால், மூத்தவள் அவளைத் தங்கச்சியாக ஏற்றுக்கொண்டாள் என்று நம்பிக்கை. சித்தி அதுவரை எல்லா வருஷமும் பயந்துபோய் அப்பாவின் அக்காவிடமே கொடுத்துவிடுவாள். அந்த வருஷம் அத்தை விடவில்லை. சமையலறையில் இருவரும் பேசியது என் காதில் விழுந்தது.

"நீ கட்டாம வேற யாருடி கட்டுவா? எத்தினி வருஷம் எனக்கே தள்ளி உட்டுனு இருப்ப?"

"பயமா இருக்குது அண்ணி. அக்காவுக்குப் புடிக்கலன்னா?"

பயப்படுகிறாள் என்றால் திருடப் போகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இலைப்பச்சை பிடிக்கும் என்று அப்பாவிடம் கேட்டறிந்து, சித்தியே மூன்று கடை ஏறி இறங்கி எடுத்த புடவை அது. படைத்து முடித்ததும் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். காக்கூ என்று நான் கூப்பிடும் எதிர் வீட்டு அம்மாவும் அவர் மகளும் பிரசாதத்துக்கு வந்திருந்தார்கள். சித்தி அம்மாவின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தோழி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"இது எங்க அம்மாவோடது. கழட்டு."

எதிர் வீட்டாருக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் ஒரு தடவை சொன்னேன்.

யாரும் கை தட்டவில்லை. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சித்தி குறுக்கே வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க. கற்பூரம் எரியறப்ப கொழந்த வாயில வருதுன்னா, அது அக்கா சொல்றது."

"அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அத்தை. "படம் பாத்துட்டு வந்து நாலு நாளா டயலாக் பேசினு திரியுது இது. நீ கட்டுடி."

சித்தி கேட்கவில்லை. பழைய புடவைக்கு மாறி, பச்சைப் புடவையை மடித்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எனக்கு ஜெயித்துவிட்டது போல இருந்தது.

அதன் பிறகும் வருஷா வருஷம் அவள்தான் புடவை எடுத்தாள், அவள்தான் படைத்தாள். ஒரு வருஷமும் கட்டவில்லை. என்னைப் படிக்கவைத்ததும் கல்யாணம் பண்ணிக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் புடவைக்கு என்ன அர்த்தம் என்று என் மாமியார் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அப்போது மன்னிப்புக் கேட்டு அழுவதற்குச் சித்தி உயிரோடு இல்லை.

படையல் அன்று சாயங்காலம் நடந்ததுதான் இன்றைக்கும் மனசை அறுக்கிறது. சித்தி குழாயடியில் உட்கார்ந்து பித்தளைத் தாம்பாளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் மோவாயைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அம்மா வேற ஏதாச்சும் சொன்னாளா கண்ணு?"

கட்டிக்கச் சொன்னா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் கேட்டாள் என்பதோ, அதைக் கொடுக்க உலகத்தில் என் ஒருத்தியால்தான் முடியும் என்பதோ எனக்கு அப்போது தெரியவில்லை.

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

மோவாயை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "பசிக்குது சித்தி," என்றேன். கையை அலம்பிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.