குருத்தோலை வைத்த பக்கம்

1939ஆம் ஆண்டில் விபூதிப் புதன் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி வந்தது. இப்போது அதைச் சாம்பல் புதன் என்கிறார்கள். தேதியைப் பழைய நாட்காட்டியில் சரிபார்த்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் எழுதப்போவது அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, அந்தப் புதன் காலையோடு முடிந்துவிட்டது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அதற்கு மடை திறப்பதில் வந்த தகராறில், என் சித்தப்பா அப்பாவின் மேல் கை ஓங்கிவிட்டார். அடி விழவில்லை. ஓங்கியதே போதுமாயிருந்தது. தம்பி இனித் தன் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று மாதா சுரூபத்தின் முன் நின்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா செலியமேட்டில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினார். எங்களைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த சைகோனுக்குக் கப்பலேறப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று பின்னால் செய்தி வந்தது.

அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று சுவிசேஷப் புத்தகம். கோயிலில் பூசை லத்தீனில் நடந்த காலம் அது. தமிழில் கேட்க வேண்டுமானால் வீட்டில் யாராவது வாசித்தால்தான் உண்டு. அதுவரை வாசித்தவர் சித்தப்பா. அவருக்குப் பிறகு எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். முடித்துப் புத்தகத்தில் உதடு ஒற்றி முத்தி செய்யும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. இது சித்தப்பா வைத்துவிட்டுப் போன ஒழுங்கு.

அந்தத் தை மாதம், அப்பா களத்தில் இருந்த ஒரு மாலையில், வீட்டைவிட்டுப் போய்ச் சீரழிந்து திரும்பும் இளைய மகனின் கதையை அம்மாவுக்கு வாசித்தேன். தூரத்தில் வரும்போதே அப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள். திரும்ப வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை முடிந்ததும், போன வருடம் குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்து வாங்கிவந்து சுரூபத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலையில் விரல் நீளம் கிள்ளி அந்தப் பக்கத்தில் வைத்தாள்.

"இத எடுத்துடாதடி. நான் சொல்ற அன்னிக்கு உங்கப்பா முன்னால இந்தப் பக்கத்தப் படி."

தலையாட்டினேன்.

முந்திய வருடத்துக் குருத்தோலைகளை எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். அந்த ஞாயிறு கோயில் உபதேசியார் அதற்காகக் கூடையோடு வீடு வீடாக வந்தார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். சுரூபத்துக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னாடி பாப்பா, உங்க வூட்டுல இவ்ளோதானா? மேலத்தெருவுல அந்தச் சப்ப மூக்கி ஒரு கட்டே குடுத்தா."

சப்பை மூக்கி என் வகுப்புக்காரி. பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் புத்தகத்துக்குள் இருந்த துண்டையும் உருவி வந்து கூடையில் போட்டேன். மந்திரித்த ஓலை வேறெங்கும் இருக்கக்கூடாது, சாம்பலுக்குத்தான் போக வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய் சாயங்காலம் அம்மா என் தலையை வாரிவிட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஓல வச்ச பக்கத்தப் படி. நல்லா ஒரக்கப் படி, வெளியில கேக்கணும்" என்றாள். வெளியில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்பா துண்டை அவிழ்த்து நின்றார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் கதை எங்கே இருக்கிறதென்று நினைவில்லை. ஓலையைக் கொடுத்துவிட்டதைச் சொல்ல வாயும் வரவில்லை. எந்தப் பக்கமானாலும் சுவிசேஷம் சுவிசேஷம்தானே என்று விரித்த இடத்தில் தொடங்கினேன். உரக்கத்தான் வாசித்தேன். அது திராட்சைத் தோட்டத்துக் குத்தகைக்காரர் கதை. நிலத்துக்கு ஆசைப்பட்டு, உடையவனின் மகனையே கொன்றுபோடுகிற கதை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஆனால் வாசிப்பின் நடுவே பேசக்கூடாது. நான் புத்தகத்தை முத்தி செய்தேன். அப்பா துண்டை உதறிக் கட்டினார்.

"சரியாத்தான் எழுதிக்குது. நெலத்துக்காகக் கைய ஓங்கறவன் அந்தக் காலத்துலயே இருந்துகிறான்."

வெளியே நாய் குரைத்தது. அம்மா கதவுவரை போய், நின்று, திரும்பி வந்து சோறு போட்டாள். ஓலை காணாமற்போனதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வைக்கோல் போருக்குப் பின்னால் சித்தப்பா நின்றிருந்தார் என்பது அப்பா இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரச்சொல்லி ஆள் அனுப்பியவள் அம்மா. கதை முடிந்து அப்பாவின் முகம் இளகியதும் கூப்பிடுவதாக ஏற்பாடு. தன் புத்தகத்திலிருந்து தனக்கென்றே அந்தக் குத்தகைக்காரர் பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த வாரமே கப்பல் ஏறினார். உலகச் சண்டை முடிந்தபின் பிரெஞ்சில் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. அதில் இருந்த, அவர் இறந்த தேதியைக் குடும்பக் குறிப்பேட்டில் ஏற்றியவளும் நான்தான். ஓலையைப் பற்றி அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், புதன்கிழமை காலையிலேயே. வருத்தத்தோடு அல்ல. சுவாமியார் அப்பாவின் நெற்றியிலும் அம்மாவின் நெற்றியிலும் என் நெற்றியிலும் வரிசையாகச் சாம்பலிட்டார். இடத்துக்குத் திரும்பியதும் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் காதருகே போய், "இதுல நம்ம ஓலையும் இருக்குது. புஸ்தகத்துல இருந்ததயும் நான் குடுத்துட்டேன்" என்றேன்.

அம்மா வெகுநேரம் என் நெற்றியைப் பார்த்தாள். முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும், அதற்கு மறுநாளும், அவள் நெற்றியைக் கழுவவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்து, நானும் கழுவாமல் இருந்தேன்.