நைனசராவின் சொந்த நம்பர்

இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் நேபாளிகளுக்கு அரசாங்கத்தோடு எந்த வேலை இருந்தாலும் அது டிலாராமின் மளிகைக் கடை வழியாகத்தான் நடக்கும். அவரை எல்லோரும் தாஜு, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வசிப்பு அட்டைகள் வருடக் கடைசியோடு செல்லாது, இனி எல்லாம் இணையக் கணக்கில்தான் என்று அறிவிப்பு வந்தபோதும் அட்டையோடு அவர் கல்லா முன்னால்தான் போய் நின்றோம். அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒருவர் விடாமல் கணக்குத் திறந்து கொடுத்தார். எல்லாக் கணக்குக்கும் தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி நம்பரையும் போட்டார். அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அப்புறம் தம்பி மகள் கல்யாணத்துக்காக நேபாளம் கிளம்பிப் போனார்.

நான் அக்கா என்று கூப்பிடும் நைனசரா புன், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ் அறையில் இருக்கிறார். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தவர். அங்கே சமையல்காரர் ஓய்வு பெறப்போக, அந்த இடம் அக்காவுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: வேலை செய்யும் உரிமையைக் காட்டும் ஷேர் கோடு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. கோடு எடுக்கக் கணக்குக்குள் நுழைய வேண்டும். நுழைய முயலும்போதெல்லாம் ஆறு இலக்க எண் ஒன்று தாஜுவின் அணைந்த போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நம்பரை மாத்தச் சொல்லி எழுதிப் போடலாம்கா. பதில் வர நாளாகும். மாத்தினதும் என் நம்பரைப் போட்டுக்கலாம்" என்றேன்.

"உன் நம்பர் எதுக்கு? நேத்து தாஜு போன், இன்னைக்கு உன் போன். நாளைக்கு உனக்கு லண்டன்ல வேலை கிடைச்சா நான் யார் பின்னாடி ஓடறது?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இன்னும் வேலை இல்லை. ஊரார் கடிதங்களைப் படித்துச் சொல்வதுதான் இப்போதைக்கு என் மரியாதை. நான் அவருக்கு உதவப் பார்த்தேனா, அவருக்கு நான் தேவைப்பட வேண்டும் என்று பார்த்தேனா? மாடியில் என் அறைக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி கீழே இறங்கினேன். அக்கா தனக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்துகொண்டிருந்தார். கடவுச்சொல்லை அடிக்கும்போது, "அந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே தாஜுவின் ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மச்சினி, மச்சினியின் மகன், கல்யாண வீட்டுச் சமையல்காரன் என்று கைமாறி, கடைசியில் தாஜுவே வந்தார். அக்காவை அவர் பஹினி, அதாவது தங்கை, என்றுதான் கூப்பிடுவார்.

"பஹினி, இங்க சிக்னல் கிடையாது. மேல முகட்டுக்கு ஏறணும். எனக்கு முட்டி வலி."

"ஏறுங்க தாஜு. இங்கிலாந்து சிம்மையும் எடுத்துக்குங்க."

"போன்ல அந்தச் சிம் தட்டைத் திறக்க ஊசி இல்லையே."

"உங்க வீட்டம்மா காதுல தோடு இருக்கா இல்லையா?"

அங்கே இருட்டுவதற்குள் ஏறிவிட்டார். ஒரு கையில் நேபாளப் போன், இன்னொரு கையில் இங்கிலாந்து சிம் போட்ட போன். பின்னால் காற்று ஊளையிட்டது. அக்கா பொத்தானை அழுத்தினார்.

"வந்துருச்சு! உனஞ்சா… த்ரியாசி, சோஹ்ர."

அக்கா 498316 என்று அடித்தார். தவறு என்றது திரை. இரண்டாவது முறை புது எண் வந்தது. அவர் பிடித்து அடிப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. இன்னொரு தடவை தப்பினால் கணக்கைப் பூட்டிவிடுவோம் என்று எச்சரிக்கை வந்தது.

நான் கையை நீட்டினேன். "குடுங்கக்கா, நான் கேக்கறேன்."

"இரு." அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு சிரித்தார். "அடப்பாவி மனுஷா! தாஜு, முதல்ல நீங்க சொன்னது உனஞ்சாஸா, உனஞ்சாலிஸா?"

எங்கள் மொழியில் முப்பத்தொன்பது உனஞ்சாலிஸ், நாற்பத்தொன்பது உனஞ்சாஸ். வால் மட்டும்தான் வேறு. மலைக்காற்று அந்த வாலைத் தின்றுவிட்டிருந்தது.

"உனஞ்சாலிஸ்தான் சொன்னேன். உன் காதுல என்ன, நெய்யா?"

"உங்க வாயில கல்யாண வீட்டு லட்டு. இனிமே ஜோடி ஜோடியா சொல்லாதீங்க. ஒவ்வொரு எண்ணா சொல்லணும். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தது" என்று சொல்லி, புது எண்ணுக்காக மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"ஏழு."

"ஏழு."

"ரெண்டு."

"ரெண்டு."

இப்படியே ஆறும் வந்தன. அக்கா ஒரு விரலால் நிதானமாக அடித்தார். கணக்கு திறந்தது. அட்டையில் இருந்த அதே புகைப்படம், அதே பெயர், 'காலவரையின்றித் தங்கலாம்' என்ற வரி. அதைப் படிக்கக்கூட அவர் நிற்கவில்லை. முதலில் தாஜுவின் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டார். பிறகு மின்னஞ்சலை மாற்றினார். அதற்குப் பிறகுதான் ஷேர் கோடு எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: எல்லாம் சரி, திங்கட்கிழமையிலிருந்து சமையல் உங்கள் பொறுப்பு.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னமும் போன் இணைப்பில் இருந்தது.

"பஹினி, முடிஞ்சுதா? குளிருது. நான் இறங்கலாமா?"

செய்தி அதற்குள் தெருவில் பரவிவிட்டது. வாசலில் தாஜு கணக்குத் திறந்து கொடுத்தவர்களின் செருப்புகள் சேர்ந்துகொண்டிருந்தன. அக்கா அவற்றை எட்டிப் பார்த்தார்.

"இறங்காதீங்க தாஜு. சால்வையைப் போத்திக்குங்க" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "சொந்த போன் இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்க!" என்று குரல் கொடுத்தார்.