நியாஸி வீட்டு லோக்மா

சப்ரியேவின் கைவேகம் பிறவியிலேயே வந்தது என்று அவள் மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அது அத்திப்பழம் கொடுத்த வேகம். கல்யாணத்துக்கு முன்னால் அய்தின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அத்திப்பழக் கிடங்கில் அவளுக்கு வேலை. உலர்ந்த பழத்தை விரலால் அழுத்தித் தட்டையாக்கி, காம்பை உள்ளே மடக்கி, பெட்டியில் வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும். பேச்சு நின்றாலும் கை நிற்கக் கூடாது. ரித்வானைக் கட்டிக்கொண்டு இஸ்மிருக்கு வந்தபோது அந்தக் கையோடுதான் வந்தாள்.

ரித்வானுக்கு லோக்மா போடும் தொழில். யாராவது இறந்துபோனால், ஏழாம் நாளிலோ நாற்பதாம் நாளிலோ துக்க வீட்டார் அவனைக் கூப்பிடுவார்கள். வாசலில் வேனை நிறுத்தி, கொப்பரையில் எண்ணெய் காயவைத்து, புளித்த மாவை வளையம் வளையமாகப் பொரித்து, ஆறின பாகில் முக்கி, தெருவில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சுடச்சுடக் கொடுப்பான். இறந்தவர் பெயரை அட்டையில் எழுதி வேனில் தொங்கவிடுவார்கள். வாங்குகிறவர்கள் ‘அல்லா கருணை காட்டட்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கினால் போதும். காசு கிடையாது. பஸ்ஸைத் தவறவிட்டாலும் லோக்மா வரிசையைத் தவறவிடாதவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர்.

ஒரு குளிர்காலத்தில், இறக்கத்தில் வேன் சறுக்கி, ஆறாத எண்ணெய் ரித்வானின் வலது கையில் கொட்டியது. புண் ஆறியது, விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. இரண்டு மாதம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது மாதம் சப்ரியே மாவைக் கரைத்து வைத்துவிட்டு, “நீ வண்டி ஓட்டு. நான் போடறேன்” என்றாள்.

முதல் நாள் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “பொம்பளை போட்ட லோக்மா ஊறுமா?” என்று சத்தமாகவே கேட்டார்.

“சாப்பிட்டுச் சொல்லுங்க மாமா. ஊறலைன்னா உங்க வீட்ல யார் போடுறாங்களோ அவங்ககிட்டயே போய்க் கேளுங்க” என்றாள் சப்ரியே. அவர் வீட்டிலும் அடுப்பு பெண்ணிடம்தான் இருந்தது. வரிசை சிரித்தது. அவர் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பின் அவளுக்குத் தொல்லை கொடுத்தது ஒரே ஆள்தான். பைராக்லி மேட்டில், படிக்கட்டு போல ஏறும் ஒரு தெருவில் குடியிருந்த நியாஸி. முதல் மாடி பால்கனியில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை வைவதுதான் அவருடைய வேலை. பிள்ளைகள் பந்து விளையாடினால் பந்து திரும்பி வராது. எதிர்வீட்டு முனெவரின் மல்பெரி மரத்து இலை தன் கார்மேல் விழுகிறதென்று, விடிவதற்குள் ஆள் வைத்து வெட்டிப்போட்டவர். நோயாளியான முனெவரின் புருஷன் அந்த நிழலில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அதற்குப் பிறகு அவர் வெளியே வரவே இல்லை; அடுத்த வருஷம் போய்விட்டார்.

லோக்மா வேன் அந்தத் தெருவுக்குள் வந்தால் போதும், நியாஸி ஜன்னல்களை அறைந்து சாத்துவார். ஒருமுறை, விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் போடச் சொன்ன லோக்மா. நியாஸி, எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை என்று கத்தி, மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்து தெறித்தது. பாத்திரத்தில் இருந்த மாவும் பாழாயிற்று. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்தத் தாய் படியில் உட்கார்ந்து அழுததைச் சப்ரியேவால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் வேறு மாவு கரைத்துக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்குள் போட்டு முடித்தாள்.

அந்த நியாஸி இலையுதிர்காலத்தில் மாரடைப்பில் இறந்தார். அடக்கத்தன்று, இறந்தவரை ஊரார் மன்னிக்க வேண்டி, இமாம் வழக்கம்போல, “இவர்மேல் உங்களுக்கு இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தீர்களா?” என்று கேட்டபோது, தெருக்காரர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று டீக்கடையில் பேச்சு. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரே மகள் பெல்கின் அப்பா பெயரில் ரவை அல்வா கிளறி வீடுவீடாகக் கொண்டுபோயிருக்கிறாள். பாதிக் கதவுகள் திறக்கவில்லையாம். நாற்பதாம் நாளுக்கு லோக்மா போட அவள் கூப்பிட்டது சப்ரியேவை.

“அந்த ஆளுக்கா? வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்லு” என்றான் ரித்வான்.

“செத்தவரா என்னைக் கூப்பிட்டார்? பொண்ணு கூப்பிட்டிருக்கா. போய்த்தான் ஆகணும்.”

போனார்கள். அட்டையில் நியாஸியின் பெயர் தொங்கியது. எண்ணெய் காய்ந்தது. சப்ரியே ஈரக்கையில் மாவை அள்ளி, கட்டைவிரலால் ஓட்டை போட்டு, வளையங்களை விட ஆரம்பித்தாள். அவை புரண்டு, பொன்னிறமாகி, பாகில் மூழ்கின. யாரும் வரவில்லை. தபால்காரர் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். மேலே திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன. ஒரு பையன் ஓடி வந்தான்; அவன் அம்மா மாடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் போய்விட்டான்.

பெல்கின் தட்டுகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடியும் அடுக்கினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள். சும்மா நிற்க அவளுக்குத் தெரியவில்லை.

“நானும் அவர்கூடச் சரியாப் பேசி வருஷக்கணக்காச்சு அக்கா. பண்டிகைக்குப் போன்ல ஒரு வார்த்தை. அதுவும் சண்டையில முடியும்” என்றாள். “அவருக்குச் சர்க்கரை வியாதி. அம்மா உயிரோட இருந்தவரைக்கும் இனிப்பையெல்லாம் அலமாரியில பூட்டி வைப்பாங்க. லோக்மா வாசனை வந்தாப் போதும், வீட்ல ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.”

ரித்வான் வாளியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். சப்ரியே ஒரு பார்வை பார்த்தாள். அவன் பாகைக் கிளறப் போய்விட்டான். அவளுக்கு நியாஸிமேல் இரக்கம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இனிப்பு தின்ன முடியாத எல்லாருமா தண்ணீரைக் கவிழ்க்கிறார்கள்? ஆனால் அந்தப் பெண் தட்டை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவளால் முடியவில்லை. ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

முனெவர் உடனே திறந்தாள். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும்.

“உனக்கு வெட்கமா இல்லையா சப்ரியே? உன் கொப்பரையில தண்ணி ஊத்தினவனுக்கு லோக்மா போடுறே?”

“போடுறேன் அக்கா.”

“அவனுக்காக என் வாயால ஒரு வார்த்தை வராது.”

“வர வேண்டாம். அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து தனியா நிக்குது. பக்கத்துல வந்து நில்லுங்க. வாயை மூடிக்கிட்டே நிக்கலாம்.”

“வாயை மூடிக்கிட்டா? நானா?” என்றாள் முனெவர். ஆனாலும் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். நேரே பெல்கின் முன்னால் போய் நின்றாள்.

“என் மரத்தை வெட்டினது உங்கப்பன். தெரியுமா உனக்கு?”

“தெரியும் அத்தை. அவரே போன்ல சொன்னார். பெருமையாச் சொன்னார். அன்னைக்கு வச்ச போனை அப்புறம் ஒரு வருஷம் நான் எடுக்கலை.”

 முனெவருக்குக் கண் கலங்கியது; கோபத்திலா வேறு எதிலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. “உங்கம்மா தங்கமான பொம்பளை,” என்றாள் கடைசியில். “என் வீட்டுக்காரர் படுத்துக் கிடந்தப்போ, அந்த ஆளுக்குத் தெரியாம சூப் கொண்டுவந்து கொடுப்பா. அவளுக்குன்னா சொல்றேன். அல்லா அவளுக்குக் கருணை காட்டட்டும்.” தட்டை வாங்கி ஒரு வளையத்தை வாயில் போட்டாள். “சூடு” என்றாள்.

சப்ரியே ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தாள். “பெல்கின், அந்த அட்டையில அம்மா பேரையும் எழுதும்மா.”

பெல்கின் பேனா வாங்கி, அப்பாவின் பெயருக்குக் கீழே ‘ருகியே’ என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. முனெவர் தலையைத் தூக்கி மாடிகளைப் பார்த்து, “ருகியேவுக்கு லோக்மா. இறங்கி வாங்க, எல்லாம் ஆறிப்போகுது” என்று குரல் கொடுத்தாள்.

முதலில் அந்தப் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பிறகு மளிகைக்கடைக்காரர், தையல்காரர், கீழ்ப்படிக்கட்டு வீட்டுச் சகோதரிகள். சப்ரியேவின் கை பழைய வேகத்துக்கு வந்தது. ஒவ்வொருவரும் அட்டையைப் பார்த்துவிட்டு, “அல்லா அவங்களுக்குக் கருணை காட்டட்டும்” என்றார்கள். அந்த ‘அவங்க’ ஒருவரா இருவரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆளுக்கொரு பதில் வந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஆமீன் சொல்லிச் சொல்லிப் பெல்கினுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

மாவு தீர்ந்ததும் பெல்கின் கொப்பரை அருகில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல்முறையாக ஒரு வளையத்தைத் தின்றாள். ரித்வான் மடங்கிய விரல்களுக்கிடையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

பெல்கின் வீட்டை ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பினாள். பண்டிகைகளுக்கு முனெவரைப் போனில் கூப்பிடுகிறாள். அந்தத் தெருவில் யார் இறந்தாலும் இப்போதும் சப்ரியேதான் லோக்மா போடுகிறாள். வேன் நின்றதும் முனெவர் நாற்காலியோடு இறங்கி வந்து வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுகிறாள். யாரும் சொல்லி வந்த வேலை இல்லை அது. இரண்டாவது தடவை வருகிறவர்களை அடையாளம் கண்டுபிடித்து வைவதில் அவளுக்கு இணை கிடையாது.