ஜன்னல் வழியே போட்ட துண்டு

என் தங்கையிடம் அப்பா பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பார்த்து முடித்த வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விமான உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்ததுதான் காரணம். ஒரே வீடு, ஒரே சமையலறை. ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போகும். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, "சாப்பிட்டாளான்னு கேளுடா" என்பார். நடுவில் கிடந்து அல்லாடி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எலஹங்காவில் நடந்த ஒரு விமானக் கண்காட்சியில் அவள் கம்பெனியும் ஸ்டால் போட்டது. வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். கடைசி நாளுக்கு இரண்டு பாஸ் கொண்டுவந்து, என்னைப் பார்த்தபடியே, "அப்பா வருவாரான்னு கேளு" என்றாள். அவர் பேப்பரை மடிக்காமலேயே, "வரேன்னு சொல்லு" என்றார்.

கூட்டத்துக்காகக் கண்டோன்மென்ட் வழியாக ஸ்பெஷல் ரயில் விட்டிருந்தார்கள். எங்கள் வீடு இருந்த ஜோகுபாளையத்திலிருந்து அந்த ஸ்டேஷன் கிட்டத்தில்தான். ஆனால் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ரயில் என்றால் மெட்ராஸ் பக்கம் போவதுதான். ஊருக்குள்ளேயே ரயிலேறிப் பழக்கமில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணத்துக்கு அப்பா தண்ணீர் கூஜா, சங்கிலி, பூட்டு எல்லாம் எடுத்துக்கொண்டார். மகளுக்கு அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ்சாதம் தனிப் பையில்.

"பூட்டு எதுக்குப்பா?"

"ரயில்டா" என்றார்.

பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு ரயில் வந்து நிற்பதற்குள் அப்பா பாய்ந்துபோய், ஜன்னல் கம்பி வழியாகத் தோள்துண்டை உள்ளே எறிந்தார். தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் இப்படித்தான் இடம் பிடிப்பார். துண்டு விழுந்துவிட்டால் அப்புறம் யோசனையே கிடையாது, ஏறிவிட வேண்டியதுதான். என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினார். சீட்டில் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே!

பையப்பனஹள்ளியில் எலஹங்கா பாதை பிரியும். எங்கள் ரயில் நேராகப் போனது. எதிர் சீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது ஜோலார்பேட்டை போறதுங்க. ஸ்பெஷல் பின்னாடி வருது" என்றார்.

கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினோம். இதையே சாக்காக வைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். திரும்பினால், வேண்டுமென்றேதான் வரவில்லை என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் நான்தான் தபால்காரன். அப்பாவோ எனக்கு முன்னால் ஓடி, ஒரு ஆட்டோவை மறித்து, "எலஹங்கா பர்தீரா?" என்று கன்னடத்தில் சவாரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஹெப்பாளைத் தாண்டியதும் வண்டிகள் அசையவே இல்லை. ஆட்டோவில் இருப்புக்கொள்ளாமல், கடைசியில் இறங்கி நடந்தோம். தலைக்கு மேல் விமானங்கள் காது கிழிய உறுமின. சாலையில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து விசிலடித்தார்கள். அப்பா ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

"ஸ்டால் எப்படா மூடுவாங்க?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று எரிந்துவிழுந்தேன்.

வாசலை அடைந்தபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. எங்களை உள்ளே விடவில்லை. அப்பா பாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அவ ஸ்பெஷல்லதானே திரும்புவா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டேஷன் பஸ்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

எலஹங்கா ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. நெரிசலில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு பெட்டியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. குரல் என் தங்கையுடையது. இரண்டு சீட்டில் துப்பட்டாவை விரித்துப்போட்டு, குறுக்கே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆளே காணோமேம்மா, எவ்ளோ நேரம் பிடிச்சு வெச்சிருப்ப?" என்றார் ஒருவர்.

"வருவாங்க. எங்கப்பா வரேன்னு சொல்லியிருக்காரு."

காலையிலிருந்து காத்திருந்து ஏமாந்தவள் அவள். அப்பா ஜன்னலுக்குப் போய், சாதப் பையைக் கம்பிக்குள் திணித்தார். அது நுழையவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.